சிம்புதேவன் படங்களை எங்கிருந்து தொடங்கிப் பார்ப்பது

சிம்புதேவன் இயக்கி விஜய் நடித்த ‘புலி’ படம் வெளிவந்தது 2015 அக்டோபர் 1ஆம் தேதி. அன்றைக்கு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்கு பஸ் ஏறினேன். காலைக் காட்சி போடவில்லை. வெயிலில் நின்று, கரும்புச் சாறு குடித்து, மதியத்துக்கு மேல்தான் உள்ளே போனோம். சித்திரக்குள்ளர்கள் வந்ததும் மகள் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். என் காதில் கேட்டாள்: “ஏப்பா, அவங்க ஊட்டு அடுப்பு எவ்வளவு பெருசு இருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. படமும் அதைச் சொல்லாமல் வேறெங்கோ போய்விட்டது.

வீடு திரும்பும்போது எனக்குள் இரண்டு எண்ணம் ஓடியது. இப்படி ஒரு உலகத்தைத் தமிழில் யோசிக்க ஒரு ஆள் இருக்கிறாரே என்கிற சந்தோஷம் ஒன்று. அந்த உலகத்துக்குள் எங்களை இன்னும் கொஞ்ச நேரம் இருக்க விடவில்லையே என்கிற ஆற்றாமை இன்னொன்று. பத்து வருடம் ஆகியும் இரண்டும் அப்படியே இருக்கின்றன. அவர் படங்களைப் பார்க்காதவர்கள், அல்லது ஒன்றைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்டால், எந்த வரிசையில் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிம்புதேவன் ஆனந்த விகடனில் கார்ட்டூன் வரைந்தவர். சினிமாவுக்கு வந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை. நான் ஜக்கார்டு தறியில் நெய்யும் போர்வைக்கு டிசைன் போட்டு, அந்தப் பூ விழுவதற்கான ஓட்டைகளை அட்டையில் அடிக்கிறவன். கட்டம் போட்ட தாளில்தான் என் பொழுது போகிறது. ஒருவர் கட்டத்துக்குள் யோசிக்கிறாரா இல்லையா என்பது எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். இவர் கட்டத்துக்குள் யோசிக்கிறவர். ஒரு காட்சிக்கு ஒரு சித்திரம், அந்தச் சித்திரத்துக்குள் ஒரு யோசனை. அவருடைய பலமும் அதுதான், சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே 2006இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யிலிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே டிவியில் நூறு முறை பார்த்தாச்சே என்பீர்கள். துண்டு துண்டாகப் பார்த்திருப்பீர்கள். இந்த முறை முதல் பத்து நிமிடத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வடிவேலுவின் குரல் காதில் விழுந்தால் நம் கண் அவர் முகத்தை விட்டு நகராது. சத்தம் இல்லாதபோதுதான் மூலைகள் தெரியும். பயில்வான் உடம்பின் மேல் தன் முகத்தை ஒட்டி ஓவியம் வரையச் சொல்லும் ராஜா, அந்த ஓவியத்தின் முன்னால் அவர் நிற்கும் விதம், சுற்றி நிற்பவர்களின் வரிசை எல்லாவற்றையும் கவனியுங்கள். அப்புறம் சத்தத்தை வைத்து மறுபடி பாருங்கள். ஜாதிச் சண்டைக்கென்றே ஒரு மைதானத்தைத் திறந்து வைப்பதும், ‘அக்காமாலா’, ‘கப்சி’ என்று வெள்ளைக்காரன் பானம் விற்க வருவதும் ஒவ்வொன்றும் ஒரு பக்கக் கார்ட்டூன். ராஜா காலத்துக் கதை என்ற சாக்கில் இன்றைய ஊரைக் காட்டுகிறார். எங்கள் பக்கத்தில் ஜாதி எப்படி நடமாடுகிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த மைதானக் காட்சி வெறும் சிரிப்போடு போகாது. எனக்குப் போகவில்லை.

அதே படத்தில் புலிகேசியின் வீரனான தம்பி உக்கிரபுத்தன் வரும்போது என் ஆர்வம் கொஞ்சம் குறையும். அவனுக்குச் சண்டையும் வசனமும் இருக்கிற அளவுக்கு அவனுக்கென்று ஒரு சித்திரம் இல்லை. இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், ‘புலி’ பார்க்கும்போது தேவைப்படும்.

அடுத்தது 2008இல் வந்த ‘அறை எண் 305-ல் கடவுள்’. இதைப் பார்க்கும்போது ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். மாயப் படம் எதுவானாலும் அந்த உலகத்தின் விதி என்ன என்று எழுதிப் பார்ப்பது என் வழக்கம். இங்கே எழுதுவது சுலபம். சென்னையில் ஒரு மேன்ஷன், வேலை கிடைக்காத இரண்டு பேர், அவர்கள் திட்டுவதைக் கேட்டு வந்துவிடும் கடவுள். கடவுளின் சக்தி முழுக்க ஒரு சின்னப் பெட்டியில் இருக்கிறது. பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் சக்தி. அவ்வளவுதான் விதி. பெட்டி களவு போனதும் கடவுள் சாதாரண ஆளாகி அதே மேன்ஷனில் நம்மைப்போல நாள் கழிக்க வேண்டியதாகிறது. பிரகாஷ்ராஜ் அதைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறார். பெரிய செட் கிடையாது, ராட்சதன் கிடையாது. ஆனாலும் நம்பிவிடுகிறோம். பிற்பகுதியில் அறிவுரை கூடிப்போகிறது என்பது என் குறை. அந்த நேரத்தில் எழுந்து காபி போட்டுக்கொண்டு வரலாம், ஒன்றும் விட்டுப்போகாது.

விதியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊரில் கோயிலுக்கு முன்னால் பொன்னர், சங்கர் என்கிற சகோதரர்களின் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகப் பாடுவார்கள். ஒரு ராத்திரியில் முடிகிற கதை இல்லை. நாள் கணக்கில் போகும். பாடுகிறவர் கையில் ஒரு உடுக்கை, பின்னால் ஒத்து ஊதுகிற மாதிரி குரல் கொடுக்க ஒரு ஆள், தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு. அதை மட்டும் வைத்துக்கொண்டு கொம்பன் என்கிற அந்தப் பெரிய பன்றியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நிறுத்திவிடுவார். அது மண்ணைக் கிளறுகிற இடத்தில் நான் அப்புச்சி வேட்டிக்குள் ஒண்டிக்கொள்வேன். பொன்னருக்கும் சங்கருக்கும் ஆயுள் பதினாறு வயதுதான் என்பது அவர்கள் பிறக்கும்போதே சொல்லப்பட்டுவிடும். எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அவர்கள் மாண்டு விழும் படுகளம் பாடும் ராத்திரி கூட்டத்தில் அழாத ஆள் இருக்காது. தங்கை தங்காள் வந்து எழுப்புகிற வரைக்கும் ஒருத்தரும் இடத்தை விட்டு எழ மாட்டார்கள். பதினாறு என்று முதல் நாள் சொன்னதைப் பாடகர் கடைசி நாள் வரை மாற்றாததால்தான் அந்த அழுகை வருகிறது.

என் தொழிலிலும் இதே கதைதான். ஒரு அட்டையில் ஒரு ஓட்டை தப்பிப் போனால், அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் போர்வையில் அதே இடத்தில் பூ கெட்டுக்கொண்டே வரும். நூல் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதை மறைக்க முடியாது.

‘புலி’க்குப் போவதற்கு முன்னால் பழைய படம் இரண்டு மூன்றாவது பார்த்துவிடுங்கள். இந்த வகைப் படத்துக்கு நம்ம பக்கமே ஒரு வேர் இருக்கிறது. 1944இல் கோயம்புத்தூர் பக்ஷிராஜா படக் கம்பெனியின் ஸ்ரீராமுலு நாயுடு ‘ஜகதலப்பிரதாபன்’ எடுத்தார். அதில் பி.யு.சின்னப்பா ஒரே பாட்டில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஐந்து பேராக வந்து உட்காருவார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக் கேமரா வேலை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர்.சுந்தரம் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வந்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம் அதுதான். ஒரு வார்த்தை சொன்னால் குகை திறக்கும், சொல்லாவிட்டால் திறக்காது. வார்த்தையை மறந்தவன் உள்ளேயே மாட்டிக்கொள்வான். விதி என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் ‘மாயா பஜார்’, 1957. ரங்காராவ் உட்கார்ந்த இடத்தில் இருக்க, லட்டு தானாக வாய்க்குள் போகிற காட்சியை இன்றைக்கும் குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். கேமரா மார்க்கஸ் பார்ட்லி. விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’யையும் விட்டுவிடாதீர்கள். பேய் தன் காலையே அடுப்புக்குள் விறகாக வைத்துச் சமைக்கும். பணம் செலவழித்து எடுத்த காட்சி இல்லை. ஆனால் பேய் வீட்டுச் சமையல் எப்படி இருக்கும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். என் மகள் கேட்ட அடுப்புக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது.

சரி, இப்போது ‘புலி’. இரண்டு நாளாகப் பிரித்துப் பாருங்கள், ஒரே மூச்சில் வேண்டாம். பாட்டுகளைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதில் குற்றம் இல்லை. அவை தனியாகக் கேட்கத்தான் நன்றாக இருக்கின்றன, அந்த உலகத்தை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வருகின்றன. விஜய் ரசிகராக இருந்தால் அவரை ஒரு முறை ஆசை தீரப் பார்த்துக்கொண்டு, இரண்டாம் முறை அவருக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். மரம், வாசல், ஆயுதம், அரண்மனையின் படி. வரைந்த கை அங்கே தெரியும். ஸ்ரீதேவி யவனராணியாக வரும் காட்சிகளில் நின்று நிதானமாக இருங்கள். அவருக்குத் தான் எந்த உலகத்தில் நிற்கிறோம் என்று தெரிந்திருக்கிறது. ஒரு இமை அசைவில் அந்த அரண்மனையை நம்ப வைக்கிறார்.

பிறகு தாளை எடுத்து விதியை எழுதப் பாருங்கள். நான் மூன்று முறை முயன்றேன். வேதாளங்களுக்கு என்ன முடியும், என்ன முடியாது, சித்திரக்குள்ளர்களுக்கு யாரைக் கண்டு பயம் என்று ஒரு வரி தொடங்கினால், அடுத்த காட்சியில் நாயகனுக்கு வசதியாக அது வளைந்துகொடுக்கிறது. பெரிய நடிகர் படம் என்றால் அவர் தோற்கக் கூடாது, சின்னதாகத் தெரியக் கூடாது. சித்திரக்குள்ளர்கள் நடுவே ராட்சதனாகவும், ராட்சதன் முன்னால் சித்திரக்குள்ளனாகவும் ஒருவன் மாறி மாறித் தவித்திருந்தால் அது என்ன மாதிரியான படமாக இருந்திருக்கும்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோபம் இல்லை. எட்டிப் பிடிக்கப் போய்க் கைக்கு வராத ஒன்றைப் பார்க்கிற வருத்தம்.

மற்றவற்றை உங்கள் விருப்பம்போல் பார்க்கலாம். ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) பார்க்கிறவர்கள் முதலில் இயக்குநர் கர்ணனின் பழைய குதிரைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போங்கள், ‘கங்கா’ போதும். அதில் நடித்த ஜெய்சங்கரின் பெயரில் சிம்புதேவன் ஒரு ஊரே வைத்திருக்கும் அன்பு அப்போதுதான் புரியும். 2024இல் வந்த ‘போட்’ மாயப் படம் இல்லை. ஆனாலும் பாருங்கள். 1943இல் குண்டு விழும் என்று பயந்து கடலுக்குள் போன ஒரு படகு, அதில் சில பேர். கதையின் பெரும்பகுதி அந்தப் படகைத் தாண்டிப் போகாது. கட்டம் சின்னதாக இருக்கும்போது இவர் கை நன்றாக வருகிறது என்ற என் எண்ணம் அதில் இன்னும் உறுதியானது.

இன்னொன்று. இந்தப் படங்களைப் பற்றி யாரிடம் பேசுவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் பேக்கரியில் டீ குடிக்கும்போது ‘புலி’ என்றால் போதும், “அதெல்லாம் ஒரு படமுங்களா” என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் சண்டைக்குப் போவதில்லை. “சின்ன வயசுல கேட்ட கதையில உங்களுக்கு எது ஞாபகம் இருக்குதுங்க?” என்று கேட்பேன். தறிக்கார மாமா ஒருவர் அப்படித்தான் கொம்பன் கதையைத் தொடங்கி, டீ ஆறிப்போகும் வரை பேசினார். கடைசியில் அந்தப் பன்றியை யாராவது ஒழுங்காகப் படம் எடுத்தால் முதல் டிக்கெட் தனக்குத்தான் என்றார்.

குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால் படம் முடிந்ததும் நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள். படத்தில் காட்டாமல் விட்டது என்ன என்று கேளுங்கள். பதிலை வரையச் சொல்லுங்கள். கட்டம் போட்ட தாள் கொடுத்தால் இன்னும் நல்லது, அளவு மாறாது. அன்றைக்கு ஈரோட்டிலிருந்து வந்த ராத்திரி நானும் மகளும் உட்கார்ந்து அதைத்தான் செய்தோம். ஒரு சித்திரக்குள்ளர் நம்ம தறியில் குறுக்கு நூல் சுற்றி வைக்கிற ஊடைத்தார் உயரம் என்று அவளே முடிவு செய்தாள். ஒரு தாரை எடுத்துத் தரையில் நிற்க வைத்தோம். அதன் பக்கத்தில் மூன்று புளியங்கொட்டையைக் கூட்டி வைத்து அடுப்பு என்றாள். மேலே பாத்திரத்துக்கு ஒரு வேப்பங்கொட்டை ஓடு. விறகுக்கு விளக்குமாற்றுக் குச்சியை எவ்வளவு நீளத்துக்கு ஒடிப்பது என்பதில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்ப நேரம் வாக்குவாதம் நடந்தது.