பழைய பைக்ல வோல்ட் மீட்டர், ஒருவழியா சரியாச்சு

பழைய பைக்ல டிஜிட்டல் வோல்ட் மீட்டர் போட்டதுலேருந்து ஹெட்லைட் ஆன் பண்ணா 11.6 வோல்ட்தான் காட்டுச்சு, பேட்டரிய சார்ஜ் போட்டு பாத்தாச்சு, சார்ஜிங் வோல்ட்டேஜ கட்டுப்படுத்துற ரெகுலேட்டரும் மாத்தியாச்சு, அப்பவும் அதேதான். கவனிக்க வேண்டியது என்னன்னா, இண்டிகேட்டர் போட்டா அது மினுக்குறதுக்கு ஏத்த மாதிரி மீட்டர் நம்பரும் துள்ளுது, ஆனா பேட்டரி டெர்மினல்ல மல்டிமீட்டர் வச்சா நம்பர் பெருசா அசையல. மல்டிமீட்டரோட ஒரு முனைய பேட்டரி பிளஸ்லயும் இன்னொன்ன மீட்டரோட சிவப்பு வயர்லயும் வச்சா 1.3 வோல்ட் வித்தியாசம், அவ்ளோவும் மீட்டருக்குப் போற வழியில சாவி சுவிட்ச்லயும் பச்சை பூத்த கனெக்டர்லயும் போகுது. கனெக்டர சுத்தம் பண்ணியும் பாதிதான் குறைஞ்சுது. கடைசில சின்ன ரிலே (கரண்ட் குடுத்தா இயங்குற சுவிட்ச்) வச்சு, சாவி வயர ரிலேவ இழுக்க மட்டும் விட்டுட்டு, மீட்டருக்கு பேட்டரிலேருந்தே 2 ஆம்ப் ஃப்யூஸோட தனி வயர், நெகட்டிவும் சேஸிஸ்ல (பைக்கோட இரும்பு பாடில) இல்லாம நேரா பேட்டரிக்கே. இப்போ லைட் எரியறப்பவே ஆக்சிலரேட்டர் குடுத்தா 14.1, நிம்மதி.