இல்லாத படத்துக்கு விமர்சனம் எழுதுவதும் வரிசை போடுவதும்

எழுத்தில் ஆர்வமுள்ள ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் படத்தை எழுதி, ஒருவர் படத்தை மற்றவர் விமர்சித்து, கடைசியில் முதலிடம் எதற்கு என்று முடிவு செய்யும் விளையாட்டில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தாளில் இருக்கும் படத்தை விட்டுவிட்டு, படிக்கும்போது தன் மனதில் ஓடிய படத்துக்கு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். ‘அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளாத வீடு’ என்று எழுதியவர் ஒரே வரியில் முடித்திருப்பார். படிப்பவர் அதில் தன் வீட்டைப் பார்த்து உருகி, ‘கண்கலங்க வைக்கும் தந்தை மகன் காட்சிகள்’ என்று எழுதி ஒன்பது கொடுப்பார். அந்தக் காட்சிகளைக் கற்பனை செய்தவர் விமர்சகர். எழுதியவருக்கு அந்த ஒன்பது சேராது. கீழே வரும் வழிமுறை எல்லாமே இந்தச் சறுக்கலைத் தடுப்பதற்குத்தான்.

முதலில் எல்லோருக்கும் ஒரே படிவம் இருக்க வேண்டும். படத்தின் பெயர், வெளியான ஆண்டு, இயக்கம், நடிப்பு, இசை, ஓடும் நேரம், சென்சார் சான்றிதழ், ஒன்லைன் (ஒரே வரியில் கதை), பிறகு 500 முதல் 700 சொல்லுக்குள் கதைச்சுருக்கம். இடைவேளை எந்த வரியில் விழுகிறது என்பதைக் கட்டாயம் குறிக்கச் சொல்லுங்கள். முடிவையும் எழுதியே ஆக வேண்டும். ‘மீதியைத் திரையில் காண்க’ என்று நிறுத்தும் படத்தை ஏற்கக் கூடாது, ஏனென்றால் முடிவு இல்லாத கதைக்கு நல்ல முடிவை வாசகரே கொடுத்துவிடுவார். ஒருங்கிணைப்பவர் எழுதியவர் பெயர்களை எடுத்துவிட்டு, எண் மட்டும் போட்டுச் சுற்றுக்கு விடுவார். எது யாருடையது என்பது அவருக்குத் தெரியும் என்பதால் அந்தச் சுற்றில் அவர் படமும் கூடாது, அவர் வாக்கும் கூடாது. சுற்றுக்கு ஒருவராக மாறிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை படியுங்கள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. முதல் முறை பேனா வேண்டாம். படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, நினைவில் நிற்கும் மூன்று காட்சிகளை எழுதுங்கள். பிறகு தாளைத் திருப்பி, அந்தக் காட்சிகள் உண்மையிலேயே அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அடிக்கோடிடுங்கள். இல்லாதவற்றை அடித்துவிடுங்கள், அவை உங்களுடையவை. மூன்றில் ஒன்றுகூடத் தேறாவிட்டால், அந்தப் படத்தில் காட்சியே இல்லை, வெறும் கதைத் தகவல்தான் இருக்கிறது என்று அர்த்தம். விமர்சனத்தின் முதல் குறை அதுவாகவே இருக்கட்டும்.

இரண்டாம் வாசிப்பு சரிபார்ப்புக்கு. ஆண்டு பெரும்பாலும் காலைவாரும் இடம். 1972ல் வெளியானதாகச் சொல்லும் படத்துக்கு இளையராஜா இசை என்று போட்டால் நம்பகம் போயிற்று, அவர் அறிமுகமானது 1976ல். ரஹ்மான் என்றால் 1992 முதல். கண்ணதாசன் 1981ல் மறைந்தார், 1985ல் நடக்கும் படப்பிடிப்புக்கு அவரை அழைக்க முடியாது. இந்தியாவில் செல்போன் சேவை தொடங்கியது 1995ல். 1993 கதையில் நாயகி செல்போனில் துப்புக் கொடுத்தால், அந்தத் திருப்பமே விழுந்துவிடும். 1000 ரூபாய் நோட்டுக் கட்டு கைமாறும் காட்சி 2016 நவம்பருக்குப் பிறகு நடக்காது. சான்றிதழையும் பாருங்கள்: 1983க்கு முன்னால் யு, ஏ இரண்டுதான், யு/ஏ அதன் பிறகு வந்தது. 7+, 13+, 16+ என்று யு/ஏ பிரிந்தது 2024ல். இவற்றையெல்லாம் ஒரே அளவுக் குறையாக எண்ண வேண்டாம். தலைப்புப் பகுதியில் இருக்கும் பிழை சின்னது. கதை அந்தப் பிழை மேல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்தது நீளம். இடைவேளைக்கு முன் எத்தனை சொல், பின் எத்தனை சொல் என்று எண்ணுங்கள். 600 சொல்லில் 450 முன்பாதிக்கே போயிருந்தால், இரண்டரை மணி நேரப் படத்தின் செகண்ட் ஹாஃப் காலியாக இருக்கிறது. எழுதியவர் தொடக்கத்தைத்தான் யோசித்திருக்கிறார். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற பழைய கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு, ‘இந்த வரி எத்தனை பக்கம் ஆகும்?’ என்று ஒவ்வொரு வரியிடமும் கேளுங்கள். ‘ஐந்து ஆண்டுகளில் அவன் ஊரே அஞ்சும் தாதா ஆகிறான்’ என்ற வரிக்குள் நாற்பது பக்கம் ஒளிந்திருக்கும். அதில் ஒரு சம்பவமும் சொல்லப்படவில்லை என்றால், அந்த நாற்பது நிமிடம் படத்தில் இல்லை.

இப்போது விமர்சனம். 250 முதல் 300 சொல் போதும். படம் வெளியாகிவிட்டது, பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்ற பாவனையிலேயே எழுதுங்கள், அதுதான் இந்த விளையாட்டின் உயிர். ‘இப்படி ஒரு படம் எடுத்தால்’ என்று ஓர் இடத்தில் எழுதினாலும் பாவனை கலைந்துவிடும். ஆனால் பாவனைக்கு எல்லை உண்டு. தாளில் உள்ள காட்சி திரையில் எப்படி இருந்தது என்று சொல்லலாம். தாளில் இல்லாத சம்பவம், வசனம், பாத்திரம் எதையும் சேர்க்கக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கும் ஒரு கற்பனைப் படம். கதைச்சுருக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘கூலி குறைத்துப் போட்ட சீட்டைப் பேச்சியம்மாள் கிழிக்கவில்லை, நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள். இடைவேளை.’ இதற்கு ஒருவர் எழுதுகிறார்: ‘ஒளிப்பதிவு அருமை, உப்பளக் காட்சிகள் கண்ணுக்கு விருந்து, நாயகியின் நடிப்பு பிரமாதம்.’ இது எந்த உப்பளப் படத்துக்கும் பொருந்தும், எழுதியவருக்கு ஒன்றும் சொல்லாது. இன்னொருவர் எழுதுகிறார்: ‘சீட்டைக் கிழித்திருந்தால் கோபத்தோடு முடிந்திருக்கும். மடித்து முடிந்ததால், அது எப்போது வெளியே வரும் என்ற கேள்வியோடு இடைவேளைக்கு எழுகிறோம். ஆனால் பின்பாதி முழுக்க அந்தச் சீட்டு வரவே இல்லை. தொழிலாளர் அலுவலகக் காட்சியில் அவள் வெறுங்கையோடு நிற்கிறாள்.’ பாவனை கலையவில்லை, புதிதாக எதுவும் சேர்க்கவில்லை, குறை எந்த இடத்தில் என்பது எழுதியவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. இப்படி மூன்று வாக்கியம் இருந்தாலே நல்ல விமர்சனம்.

பாவனைக்குள் சொல்ல முடியாதவை, அதாவது ஆண்டுப் பிழை, சொல் எண்ணிக்கை, திருத்த யோசனை ஆகியவை, தனித் தாளில் எழுதியவருக்கு மட்டும் போகட்டும். நாலைந்து வரி போதும்.

உண்மையான நடிகர்களைப் போட்டிருந்தால் கவனம் தேவை. அந்தப் பாத்திரத்துக்கு அவர் பொருந்துகிறாரா என்பதோடு நிறுத்துங்கள். அவர் உடல்வாகு, சொந்த வாழ்க்கை, இல்லாத கிசுகிசு எதுவும் வேண்டாம். விமர்சனம் குழுவை விட்டு வெளியே போனால் உண்மைச் செய்தி என்று நம்பப் பல பேர் இருக்கிறார்கள். ‘கற்பனைப் படம்’ என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும்.

வரிசைப்படுத்துவதற்கு வருவோம். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்கிக் கூட்டுவது சரிப்படாது. தாராளமானவரின் எட்டும் கறாரானவரின் ஆறும் ஒரே தரமாக இருக்கும். கூட்டும்போது அது தெரியாது. அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் வரிசையை மட்டும் வாங்குங்கள். பிரெஞ்சு அறிஞர் போர்டா 1770ல் முன்வைத்த முறை சிறு குழுவுக்கு நன்றாகப் பொருந்தும். எட்டுப் படம் என்றால், ஒவ்வொருவரும் தன் படத்தை விட்டு மற்ற ஏழை வரிசைப்படுத்துவார். முதலிடத்துக்கு 7 புள்ளி, கடைசிக்கு 1. ஒவ்வொரு படத்துக்கும் ஏழு பேரின் புள்ளி சேரும்.

அப்படியே கூட்டினால் ஒரு சிக்கல் உண்டு. ஒரு படத்துக்கு 7, 7, 6, 6, 5, 5, 1 கிடைக்கிறது, மொத்தம் 37. இன்னொன்றுக்கு 6, 6, 6, 5, 5, 5, 5 கிடைக்கிறது, மொத்தம் 38. ஒரே ஒருவர் கடைசியில் தள்ளியதால் முதல் படம் பின்தங்கிவிட்டது. போட்டியாளரை வேண்டுமென்றே கீழே போடும் ஆசை எந்தக் குழுவிலும் வரும். ஒவ்வொரு படத்துக்கும் மிக உயர்ந்த புள்ளி ஒன்றையும் மிகக் குறைந்த புள்ளி ஒன்றையும் நீக்கிவிட்டு, மீதி ஐந்தைக் கூட்டுங்கள். முதல் படம் 29, அடுத்தது 27. நேர்மையாகவே பிடிக்காமல் 1 போட்டவரின் குரலும் இதில் அடிபட்டுப்போகும் என்பது உண்மை. அதற்காகத்தான் அவருடைய விமர்சனம் இருக்கிறது.

சமநிலை வந்தால், அந்த இரண்டு படங்களை எழுதியவர்களைத் தவிர்த்து மீதி ஆறு பேரின் வரிசையில் எது எதற்கு மேலே நிற்கிறது என்று எண்ணுங்கள். அங்கேயும் 3-3 என்றால் இடத்தைப் பகிர்ந்து கொடுங்கள். சீட்டுக் குலுக்குவதில் அர்த்தமில்லை.

ஏழில் நாலைத்தான் படித்தேன் என்று ஒருவர் வந்து நின்றால், அவர் விமர்சனங்களை வாங்கிக்கொள்ளுங்கள், வரிசையை வாங்காதீர்கள். அவருடைய முதலிடத்துக்கு 7 கொடுப்பதா 4 கொடுப்பதா என்பதற்கு நியாயமான விடை கிடையாது. அவர் வரிசை குறையும்போது, அவர் படத்தைத் தவிர மற்றவற்றுக்கு ஏழு பேரின் புள்ளிக்குப் பதில் ஆறு பேருடையதுதான் இருக்கும் என்பதால், கூட்டுத்தொகைக்குப் பதிலாகச் சராசரியை ஒப்பிட வேண்டும்.

பதினைந்து, இருபது படங்கள் சேர்ந்துவிட்டால் இந்த முறை திணறும். பத்தாவதற்கும் பதினொன்றாவதற்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பத்துப் படங்களின் பெயரை மட்டும் தருகிறார்கள், எத்தனை பட்டியலில் ஒரு படம் வருகிறது என்று எண்ணுகிறார்கள். இருபது படக் குழுவில் ஆளுக்கு ஐந்து பெயர் வாங்குங்கள், போதும்.

முடிவை அறிவிக்கும்போது முதல் மூன்று இடங்களை மட்டும் சொல்லுங்கள். எழுதியவர் பெயர்களை அதற்குப் பிறகு திறக்கலாம். மற்றவர்களுக்கு அவரவர் இடமும், அந்தத் தனித் தாள்களும் நேரடியாகப் போய்ச் சேரட்டும்.