போர்ட்ரெய்ட் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்: முதலில் அந்த ஃபிளிப்பை நிறுத்துங்கள்

முகூர்த்த மாதம் வந்தால் கேமரா பிடிக்கப் புதுப் பையன்கள் நாலைந்து பேர் வந்து சேர்வார்கள். ஃபோகஸ் தவறுவது, பேட்டரிக்குச் சார்ஜ் போடாமல் மண்டபத்துக்கு வருவது எல்லாம் ஒரு சீசனில் தானாகச் சரியாகிவிடும். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. தன் படத்தைப் பார்த்துவிட்டு "நான் இப்படியா இருக்கேன்?" என்று ஒருவர் கேட்கும்போது செய்கிற தவறுகள் வேறு வகை. தொழிலில் ஊறிய பிறகும் அவை சிலரை விடுவதில்லை. எங்கள் செட்டில் பாதிப் பேர் செய்ததையே இந்தப் பையன்களும் வரிசையாகச் செய்கிறார்கள்.

கஸ்டமர் முகம் சுளித்ததும் படத்தைத் திருப்பிப் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதற்குத்தான். படம் திரையில் வருகிறது. எடுத்துக்கொண்ட பெண் எட்டிப் பார்க்கிறார். "அண்ணா, ஒரு பக்கம் கன்னம் பெருசா தெரியுது, மூக்கும் கோணலா இருக்கு." பையன் வாயே திறக்காமல் ஃபோட்டோஷாப்பில் படத்தை இடவலமாக ஃபிளிப் செய்கிறான். "ஆங், இதுதாண்ணா நான்!" பையனுக்குப் பெரிய வித்தை கைவந்துவிட்ட நினைப்பு.

எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. வகிடு ஒரு பக்கம், சிரித்தால் ஏறுகிற உதடு ஒரு பக்கம். கண்ணாடியில் நம் வலது கன்னம் நம் வலப்பக்கமே தெரியும். எதிரில் நிற்பவருக்கு அது அவருடைய இடப்பக்கம். தினமும் கண்ணாடி முகத்தையே பார்த்துப் பழகியவருக்கு, ஊர் பார்க்கிற முகத்தைக் காட்டினால் கோணலாகத்தான் தெரியும். 1977-ல் அமெரிக்காவில் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று பேர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். மாணவிகளைப் படம் எடுத்து, உள்ளபடி ஒரு பிரிண்ட், இடவலம் மாற்றி ஒரு பிரிண்ட் போட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாற்றிய பிரிண்டைத் தொட்டார்கள். அவர்களுடைய சிநேகிதிகள் உள்ளபடி இருந்ததைத் தொட்டார்கள். அவரவர் பார்த்துப் பழகிய முகம் அவரவருக்குப் பிடித்தது, அவ்வளவுதான்.

செல்ஃபி வந்தபின் தகராறு கூடிவிட்டது. முன்பக்கக் கேமரா, எடுக்கும்போது கண்ணாடி மாதிரிதான் காட்டும். சில போன்கள் அப்படியே சேமிக்கும், சில திருப்பிச் சேமிக்கும். "என் போன்ல நல்லா வருதே" என்று யாராவது சொன்னால், முதலில் அந்தப் போனை வாங்கி வகிடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

திருப்பினால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆல்பத்தின் கதை. எனக்குத் தெரிந்த ஸ்டுடியோவில் டிசைனுக்கு வந்த பையன், கல்யாணப் பெண் ஆசைப்பட்டாள் என்று அவளுடைய குளோசப்புகளைத் திருப்பினான். பிறகு எதிர்ப் பக்கத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று மணமேடைப் படங்கள் சிலவற்றையும் திருப்பிவிட்டான். பின்னால் இருந்த பெயர்ப் பலகை மங்கலாக இருந்ததால் எழுத்து காட்டிக்கொடுக்கவில்லை. ஆல்பம் அச்சாகி வந்தது. பெண்ணுக்கு ஏக சந்தோஷம். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஏம்ப்பா, பொண்ணு முந்தானையை வலது தோள்லயா போட்டிருக்கா?" அடுத்த பக்கம் மூக்குத்தி இடம் மாறியிருந்தது. மாப்பிள்ளையின் தம்பிக்குச் சட்டைப் பை வலப்பக்கம். அதற்கடுத்த பக்கத்தில் பெரியப்பா இடது கையால் அட்சதை போடுகிறார்! அதற்குமேல் அந்த வீட்டில் யாருக்கும் சமாதானம் சொல்ல முடியவில்லை. ஆல்பம் முழுக்க மறு அச்சு, செலவு ஸ்டுடியோ தலையில். பாக்கிப் பணமும் வரவில்லை. பெண் ஒருத்திக்குப் பிடித்த முகத்தைக் கொடுக்கப்போய், பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியாத ஒருத்தியை அச்சடித்து வைத்தான்.

இதற்குச் செய்ய வேண்டியது சுலபம். ஸ்டுடியோவில் மேக்கப் கண்ணாடி இருக்குமே, அதன் முன் கஸ்டமரை நிறுத்தி, நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். "உங்க முகத்தை விடுங்க, கண்ணாடியில என் முகத்தைப் பாருங்க" என்று சொல்லுங்கள். அதுவரை நேரில் பார்த்த உங்கள் முகம் கண்ணாடிக்குள் லேசாகக் கோணியிருப்பதை அவரே பார்ப்பார், சிரிப்பார். அதன்பின் விளக்கம் தேவைப்படாது. அப்படியும் ஒரு பக்கம்தான் பிடிக்கிறது என்றால் முகத்தைத் திருப்பி உட்காரச் சொல்லி, லைட்டை மாற்றி, இன்னொரு படம் எடுங்கள். முகம் திரும்பலாம், ஃபைல் திரும்பக் கூடாது.

எந்தப் படம் என்று, எடுத்துக்கொண்டவரிடம் மட்டும் கேட்பது

பணம் கொடுப்பவர் அவர், தேர்வும் அவருடையதுதான். ஆனால் முதல் வடிகட்டலை அவர் கையில் விடாதீர்கள். 2017-ல் ஆஸ்திரேலியாவில் டேவிட் வைட் குழுவினர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவருடைய படங்களிலிருந்து அவரே தேர்ந்ததையும், முன்பின் தெரியாதவர் தேர்ந்ததையும் மற்றவர்களிடம் காட்டினால், தெரியாதவர் தேர்ந்த படத்துக்கே நல்ல அபிப்பிராயம் கிடைத்தது. இத்தனைக்கும் நமக்கு நம் முகத்தின் மேல் கொஞ்சம் கரிசனம் உண்டு. 2008-ல் எப்லி, விட்சர்ச் இருவரும் செய்த சோதனையில், கலந்துகொண்டவர்களின் படத்தைக் கணினியில் சற்று அழகாக்கிக் கலந்து வைத்தபோது, அழகாக்கியதையே பலர் "இதுதான் நான்" என்று எடுத்தார்கள். நம்மை நாமே கூட்டி நினைக்கிறோம், ஆனால் நமக்கு எடுப்பான படத்தை எடுக்கத் தெரியவில்லை. விசித்திரம்தான். எங்கள் தொழிலுக்கு இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: திரையைக் கூட வந்த அக்கா பக்கம் திருப்புங்கள். வரன் பார்க்கிற படமென்றால், பக்கத்துக் கடைக்காரரை மூன்றில் ஒன்றைக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை. அந்தப் படத்தைப் பார்க்கப்போவது அவரைப் போன்ற அந்நியர்கள்தான்.

கிட்டப் போய் எடுப்பது

லென்ஸ் முகத்தைக் கெடுப்பதில்லை, தூரம்தான் கெடுக்கிறது. காதைவிட மூக்கு கேமராவுக்குச் சில அங்குலம் முன்னால் இருக்கிறது. ஓர் அடித் தூரத்தில் அது பெரிய வித்தியாசம், ஐந்தடியில் ஒன்றுமில்லை. 2018-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் கணக்குப் போட்டே காட்டினார்கள்: 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. கண்ணாடிக்கு 2 அடி தள்ளி நிற்பவர் தன் முகத்தை 4 அடி தூரத்துக் கணக்கில் பார்க்கிறார். அவரிடம் கையெட்டும் தூரத்தில் எடுத்த படத்தைக் காட்டினால் "மூக்கு இவ்வளவு பெருசா?" என்று கேட்காமல் என்ன செய்வார்? 85 எம்எம் லென்ஸ் மாட்டினால் முகம் ஃபிரேமில் அடங்கத் தள்ளித்தான் நிற்க வேண்டும், கிட்டப் போகவே முடியாது, அதுதான் அதன் பெரிய உபகாரம். கடை வாடகைக்குப் பார்க்கும்போது அறையின் நீளத்தை அளந்து பாருங்கள். அகலம் குறைந்தால் சமாளிக்கலாம்.

குடும்பப் படத்தில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. கிட்ட நின்றே எல்லாரையும் அடக்க வைட் லென்ஸ் போட்டால், ஓரத்தில் நிற்பவர் இழுபட்டுக் குண்டாகத் தெரிவார். ஓரத்தில் எப்போதும் ஒரு அத்தைதான் நிற்பார், அந்தப் படத்தை அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

நிறத்தைக் கூட்டுவது

பையன் வீட்டார் நேரில் வருவார்கள்.

"சிரிங்க, சிரிங்க"

சொன்னால் பல் தெரியும். சிரிப்பு வராது. பேச்சுக் கொடுங்கள்.

பாஸ்போர்ட் படத்தில் டச்சப்

மச்சத்தை எடுக்கச் சொன்னாலும் எடுக்காதீர்கள். முகத்தைத் திருத்திய படம் அங்கே செல்லாது. விண்ணப்பம் திரும்பினால் நேரே உங்கள் கடைக்குத்தான் வருவார்கள்.