டொம்கட்டில் தமிழ் சிதைந்தால் முதலில் எண்ணிப் பாருங்கள்

டொம்கட், ஜாவாவில் எழுதிய இணையப் பயன்பாடுகளை ஓட்டும் சேர்வர் மென்பொருள். அதில் ஓடும் ஒரு படிவத்தில் 'மட்டக்களப்பு' என்று அடித்து அனுப்புகிறோம். அறிக்கையில் வரிசையாகக் கேள்விக்குறி வந்து நிற்கிறது. உடனே நம்மவர்கள் செய்கிற முதல் வேலை, இணையத்தில் கிடைக்கும் யூடிஎப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் ஒரு முறை, அதாவது ஒரு குறியேற்றம்) அமைப்பு வரிகளையெல்லாம் அள்ளிக்கொண்டுவந்து சேர்வரில் ஒட்டுவது. ஏதோ ஒன்று பலிக்கும், எது பலித்தது என்று தெரியாது, அடுத்த மாதம் வேறொரு பக்கம் உடையும். தவறுகளில் தலையாயது இதுதான். எந்த இடத்தில் கோளாறு என்பதைச் சிதைந்த எழுத்தே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

மட்டக்களப்பு, நமது கணக்கில் 8 எழுத்து. எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட்டில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 12. யூடிஎப்-8 இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 36. படிவத்திலிருந்து வந்து சேர்ந்த சரத்தின் நீளத்தை ஜாவாவிடம் கேட்டு லொக்கில் (சேர்வரின் பதிவேட்டில்) எழுதச் சொல்லுங்கள். கண்ணால் எண்ண வேண்டாம், சில குப்பை எழுத்துகள் திரையில் தெரியாது. நீளம் 12, ஆனால் வெளியே 12 கேள்விக்குறி என்றால், தமிழ் ஜாவாவுக்குள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது; வெளியே எழுதும்போதுதான் தமிழுக்கு இடமில்லாத குறியேற்றத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பதில் பக்கத்தையும் தரவுத்தள இணைப்பையும் பாருங்கள். நீளம் 36 என்றால் உள்ளே வாசிக்கும்போதே பிழை. தலையில் கோடு விழுந்த சிறிய ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறி, இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வந்தால் யூடிஎப்-8 பைட்டுகளை, தமிழுக்கு இடமில்லாத பழைய மேற்கு ஐரோப்பியக் குறியேற்றமான ஐஎஸ்ஓ-8859-1 என்று நினைத்து வாசித்திருக்கிறது. அம்பாறைப் பக்கம் மும்மொழிப் படிவங்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: சிங்களம் இதேபோல உடைந்தால் அந்த 'ஏ'க்குப் பக்கத்தில் பந்திக் குறியோ நடுப்புள்ளியோ வரும். எந்த மொழி உடைந்தது என்பதைக் குப்பையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வெறும் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் அது எழுத்துருப் பிரச்சினை. சேர்வரைத் தொடாதீர்கள்.

அடுத்த தவறு சேதத்தைப் பெருக்குகிற வகை. 36 ஆக உடைந்த பதிவை மீட்கலாம், பைட்டுகள் உயிரோடு இருக்கின்றன. கேள்விக்குறியாகித் தரவுத்தளத்துக்குள் போனதை யாராலும் மீட்க முடியாது, திரும்ப அடிக்கத்தான் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் உடைந்த பதிவைத் திருத்தும் திரையில் திறந்து, அப்படியே 'சேமி'யை அழுத்தினால் மீட்கக்கூடியதும் போகலாம். முதலில் புதிய பதிவுகள் ஏறுவதை நிறுத்தி, தரவுத்தளத்தைப் பிரதி எடுங்கள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துக்கான குறியேற்றம்) என்று குறித்த பத்திக்குள், அதாவது அட்டவணையின் நெடுவரிசைக்குள், யூடிஎப்-8 பைட்டுகள் புகுந்துகொண்டிருந்தால் அட்டவணையை நேரே யூடிஎப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லின் முழு யூடிஎப்-8) ஆக மாற்றக் கூடாது. குப்பையையே உண்மையான எழுத்தாக நம்பி இரண்டாம் முறை குறியேற்றிவிடும். பத்தியை முதலில் பைனரி வகைக்கும், பிறகு யூடிஎப்8எம்பி4 இற்கும் மாற்ற வேண்டும். அதிலும், சேர்வரைச் சரிசெய்த பிறகு ஒழுங்காக ஏறிய வரிகள் அதே அட்டவணையில் இருந்தால் அவற்றைப் பிரித்துவைத்துவிட்டே செய்ய வேண்டும்.

'தேடினா வருகுது, பதிஞ்சா உடையுது' என்பது அடிக்கடி கேட்கிற முறைப்பாடு. தேடல் சொல் பக்கத்தின் இணைய முகவரியோடு போகிறது, படிவம் முகவரிக்கு வெளியே, கோரிக்கையின் உடலில் போகிறது. டொம்கட் 7 வரை முகவரியில் வருவதை ஐஎஸ்ஓ-8859-1 ஆக வாசித்தது, 8 இலிருந்து யூடிஎப்-8. ஆனால் படிவத்தின் உடல் அப்போதும் பழைய வழியில்தான் வாசிக்கப்பட்டது. டொம்கட் 10 இன் பொதுவான வெப்.எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில்தான் யூடிஎப்-8 என்று எழுதியே வருகிறது. பழைய பதிப்புகளில் குறியேற்ற வடிகட்டியை (கோரிக்கை பயன்பாட்டை அடையும் முன் அதன் குறியேற்றத்தைச் சொல்லிவிடும் சிறு நிரலை) போட்டால் போதும், ஆனால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்த வேண்டும். உள்நுழைவைச் சரிபார்க்கும் வடிகட்டி முந்திக்கொண்டு படிவத்திலிருந்து ஒரே ஒரு மதிப்பை எடுத்துவிட்டாலும், அதற்குப் பிறகு குறியேற்றத்தைச் சொல்லிப் பயனில்லை. டொம்கட் பிழையும் காட்டாது. பதில் பக்கத்திலும் இதே ஒழுங்குதான்: எழுதும் கருவியைக் கேட்டு வாங்குவதற்கு முன்னரே குறியேற்றத்தைச் சொல்லிவிட வேண்டும்.

'என்ட மெசின்ல சரியாத்தானே வருகுது' என்கிற பேச்சுக்குக் காரணம் பெரும்பாலும் ஜாவாவின் இயல்புக் குறியேற்றம். 2022 இல் வந்த ஜாவா 18 இலிருந்துதான் அது எங்கும் யூடிஎப்-8. அதற்கு முன் இயங்குதளத்தைப் பார்த்து முடிவு செய்யும். லினக்ஸில் நீங்கள் கையால் தொடக்கினால் உங்கள் மொழி அமைப்பு டொம்கட்டுக்கும் கிடைக்கும். மின்வெட்டுக்குப் பிறகு சேர்வர் தானாக எழும்பும்போது அது கிடைக்காமல் போகலாம்; அப்போது ஜாவா, ஆங்கில எழுத்து மட்டும் அறிந்த ஆஸ்கியில் ஓடும். நேற்று வரை ஒழுங்காக இருந்த ரசீது இன்று கேள்விக்குறியாகி நிற்பதன் மர்மம் பல இடங்களில் இவ்வளவுதான். டொம்கட்டைத் தானாக எழுப்பும் சேவைக் கோப்பிலேயே கோப்புக் குறியேற்றத்தை எழுதிவையுங்கள். விண்டோஸில் டொம்கட்டைச் சேவையாக ஓட்டுபவர்கள் தொடக்க அமைப்புகளை எழுதும் செட்என்வ் கோப்பைத் திருத்திவிட்டுக் காத்திருப்பதும் வீண். சேவை அதைப் படிப்பதே இல்லை, டொம்கட்டோடு வரும் அமைப்புச் சாளரத்தின் ஜாவா தாவலில்தான் எழுத வேண்டும்.

சின்னச் சின்னது சில. மொழிபெயர்ப்புச் சொற்களை வைக்கும் புரொப்பட்டீஸ் கோப்பை ஜாவா 8 ஐஎஸ்ஓ-8859-1 ஆகவே வாசிக்கும். 9 இலிருந்துதான் இத்தகைய மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கு (வளப்பொதிகளுக்கு) யூடிஎப்-8. பயன்பாட்டின் அமைப்புக் கோப்பான கொன்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லில் தரவுத்தள முகவரியை எழுதும்போது 'அன்ட்' குறியைத் தனியாக விட்டால் அந்தக் கோப்பையே வாசிக்க முடியாமல் பயன்பாடு எழும்பாது. எக்ஸ்எம்எல் முறைப்படி அந்தக் குறிக்குப் பின்னால் 'ஏஎம்பி'யும் அரைப்புள்ளியும் சேர்த்து எழுத வேண்டும்.

எந்த அமைப்பாலும் தீராத ஒன்று பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பழைய உறுப்பினர் பட்டியல்களை வேர்ட் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது ம இருந்த இடத்தில் 'கே', ட இருந்த இடத்தில் 'எல்', புள்ளிக்கு அரைப்புள்ளி என்று ஏறும். அது குறியேற்றப் பிழை அல்ல. அந்தக் கோப்பில் தமிழே இருந்ததில்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருந்தது, அவ்வளவே. யூனிகோட்டுக்கு மாற்றிய பிறகே தரவுத்தளத்தில் ஏற்றுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று: 'கொக்கட்டிச்சோலை' என்று தேடினால் பதிவு இருந்தும் சிலவேளை அகப்படாது. கொ என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் காலும் சேர்த்து இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுதான், ஜாவாவுக்கு இரண்டும் வேறு. ஜாவாவிலேயே உள்ள நோர்மலைசரால் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து சேமியுங்கள், தேடும் சொல்லையும் அப்படியே செய்யுங்கள்.

கடைசியாக எக்செல். அறிக்கையைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எல்லாம் குப்பையாகத் தெரியும், பழி சேர்வர் மேல் விழும். அதே கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். தமிழ் சரியாக இருந்தால் சேர்வரில் குற்றமில்லை: கோப்பின் தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி இல்லாததால் எக்செல் அதை யூடிஎப்-8 என்று அறியவில்லை. இறக்கும் கோப்பின் தலையில் அந்த 3 பைட்டை மட்டும் எழுதிவிடுங்கள்.