பொழுதுபோக்குக் குழுவுக்கு ஒரு விக்கி: முதல் இருபது பக்கங்களை எழுதுவது எப்படி?

ஊற்றுப்பேனா ஆர்வலர்கள் கூடும் எந்த இணையக் குழுவிலும், "நெடுநாள் எழுதாமல் வைத்திருந்த பேனாவில் மை இறங்கவில்லை, என்ன செய்வது?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். அனுபவமுள்ள ஒருவர் பொறுமையாக விடை எழுதுவார். ஒரே வாரத்தில் அது புதிய உரையாடல்களுக்கு அடியில் புதைந்துவிடும். இத்தகைய விடைகளை எல்லோரும் படிக்கவும் திருத்தவும் கூடிய ஓரிடத்தில் சேர்த்து வைப்பதே விக்கி. 1995இல் முதல் விக்கியை உருவாக்கிய வார்டு கன்னிங்காம், 'விரைவு' என்று பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார்.

முதலில் கேள்விகளைத் திரட்டுங்கள். நாங்கள் முதன்முறை முயன்றபோது பகுப்புகளையும் உட்பகுப்புகளையும் வாரக்கணக்கில் வகுத்தோம். பக்கங்களோ வெறுமையாகக் கிடந்தன, வந்து பார்த்தவர்கள் மறுபடி வரவில்லை. ஆகவே பழைய உரையாடல்களைப் புரட்டி, அடிக்கடி கேட்கப்பட்ட இருபது கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு விடை எழுதி முடிக்கும் வரை பகுப்பே வேண்டாம்.

அடுத்தது மென்பொருள். விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி ஆற்றல் மிக்கது. ஆனால் அதற்குத் தரவுத்தளம் வேண்டும், பராமரிப்பும் கூடுதல். டோக்குவிக்கி ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரண உரைக்கோப்பாகவே சேமிப்பதால், தொடங்குபவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

மூன்றாவதாக, மற்றவர்கள் பார்த்து எழுத ஒரு மாதிரிப் பக்கத்தை நீங்களே எழுதுங்கள். உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். தலைப்பு 'மை இறங்கவில்லை' என்றே இருக்கட்டும். முதல் வரியிலேயே தீர்வைச் சொல்லுங்கள்: நிப் பகுதியைக் கழற்றி, சாதாரண நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நீர் தெளிந்து வரும் வரை அலச வேண்டும். உடனே எச்சரிக்கை: வெந்நீரும் ஆல்கஹாலும் கூடாது, ஏனெனில் அவை பேனாவின் சில பாகங்களைக் கெடுத்துவிடும். அதன் பிறகே காரணம்: மை மெல்லிய தடங்கள் வழியாக நிப்புக்கு வருகிறது; நீர் ஆவியானதும் சாயம் அத்தடங்களில் படிந்து அடைத்துக்கொள்கிறது. எந்தப் பேனாவில், எந்த மையில் இதைச் செய்து பார்த்தீர்கள் என்பதைக் கடைசியில் குறிப்பிடுங்கள்.

இப்படி எழுதிய பக்கத்தில் இன்னொருவர் வந்து, "எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) பாகங்களை நெடுநேரம் ஊறவைத்தால் நிறம் மங்கும்" என்று ஒரு வரி சேர்ப்பார். அந்த ஒரு வரி எத்தனையோ பழைய பேனாக்களைக் காப்பாற்றும். தனி ஒருவரால் எழுத முடியாத பக்கம் உருவாவது அப்படித்தான். இருவர் கருத்து மாறுபட்டால் ஒன்றை அழிக்காமல், எந்தச் சூழலில் எது பொருந்தியது என்பதோடு இரண்டையும் வைத்திருங்கள்.

'நிப்', 'பேனா முள்' என ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் இருந்தால், ஒன்றில் மட்டும் முழுக் கட்டுரையை எழுதி, மற்றவற்றிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள்.

பழைய விடைகளை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள். பெயர் குறிப்பிடுதலையும் அதே உரிமத்தில் பகிர்தலையும் கோரும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 போன்ற உரிமத்தை முதல் பக்கத்துக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும், பின்னாளில் மாற்ற நினைத்தால் பங்களித்த ஒவ்வொருவரின் இசைவும் தேவைப்படும்.

பதிவு செய்தவர்கள் மட்டும் திருத்தலாம் என்று வைத்தால் விளம்பரக் குப்பை பெருமளவு குறையும். தவறான திருத்தம் நேர்ந்தாலும் பக்க வரலாற்றிலிருந்து பழைய வடிவத்தை மீட்டுவிடலாம் என்பதால் புதியவர்களைத் தயங்காமல் எழுதச் சொல்லுங்கள். நிர்வாகிகள் குறைந்தது இருவர் இருக்கட்டும். வாரம் ஒருமுறை காப்புநகல் எடுப்பதோடு, அதை வேறொரு கணினியில் ஒருமுறையாவது மீட்டுப் பாருங்கள்.

இனி அதே கேள்வி வரும்போது பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். படித்தும் புரியவில்லை என்று கேட்டவர் சொன்னால், எந்த வரி புரியவில்லை என்று கேட்டு, அந்த வரியை அன்றே அவரோடு சேர்ந்து திருத்துங்கள்.