களப்பயிற்சியில் கை முந்தினால்: தெரபி உதவியாளர் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்குபேஷனல் தெரபி (உடை உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளிகள் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சை) உதவியாளர் படிப்பில் எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியவர்கள்கூட களப்பயிற்சிக்குப் போனதும் திணறுவதுண்டு. நோயாளியின் முன்னால் நிற்கும்போது ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பரபரப்பு வந்துவிடுகிறது. அங்கே நடக்கும் பல தவறுகளுக்கு வேர் அதுதான்.

பக்கவாதத்தால் இடது கை பலவீனமான ஒருவர் சட்டை போடப் பழகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். இது எல்லா மாணவர்களுக்கும் மனப்பாடம். அவர் இடது கையை முழங்கை வரை நுழைத்துவிட்டு அப்படியே நிற்கிறார். கண் சட்டையில் எதையோ தேடுகிறது. இந்த இடத்தில்தான் மாணவரின் கை தானாகப் போய் காலரை இழுத்துவிடுகிறது. வேலை சீக்கிரம் முடிந்தது, சரி. ஆனால் அடுத்த படியைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பு அவருக்குப் போய்விட்டது. மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு யோசித்துச் செய்யக் கூடுதல் நேரம் தேவைப்படும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அப்புறமும் நகரவில்லையா, "அடுத்து என்ன?" என்று கேளுங்கள். அதுவும் போதாவிட்டால் சட்டையின் ஓரத்தைச் சுட்டிக்காட்டுங்கள். தொட்டு உதவுவது கடைசியில்தான்.

அவசரப்பட்டு உதவினால் குறிப்பு எழுதும்போதும் மாட்டிக்கொள்வீர்கள். அவர் எவ்வளவு செய்தார், நீங்கள் எவ்வளவு செய்தீர்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் "நன்றாக ஒத்துழைத்தார்" என்று ஒரு வரி போட்டு மூடிவிடுவார்கள். என்னைக் கேட்டால், அதை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். வழக்கமான அளவுகோலில், வேலையின் முக்கால் பங்கையோ அதற்கு மேலோ நோயாளி செய்தால் குறைந்த உதவி; பாதிக்கு மேல் முக்காலுக்குள் என்றால் நடுத்தர உதவி; கால் பங்கிலிருந்து பாதிக்குள் என்றால் அதிக உதவி. "இடது கையை நுழைக்கக் குறைந்த உதவி, பொத்தான் போட இரண்டு முறை வாய்மொழி நினைவூட்டல்" என்று எழுதினால், நாளை அவரைப் பார்க்கப்போகும் வேறொருவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.

படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது தவறினால் விளைவு வேறு மாதிரி. பிரேக் போட்டாயிற்றா, கால் தாங்கிகளை ஒதுக்கியாயிற்றா, சிறுநீர்க் குழாயும் ஆக்சிஜன் குழாயும் எங்கே சிக்கிக் கிடக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் நோயாளியைத் தொட வேண்டும். நீண்ட நேரம் படுத்திருந்தவரை உடனே எழுப்பி நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். கட்டிலின் ஓரத்தில் சிறிது நேரம் உட்கார வையுங்கள். பக்கவாதம் வந்தவரின் பலவீனமான கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்குவது கூடவே கூடாது. தசை தளர்ந்த தோள் மூட்டு இடம் விலகும் ஆபத்து உண்டு.

மருத்துவக் கோப்பைப் படிக்காமல் அறைக்குள் போவதும் இதே ரகம்தான். பின்பக்க வழியாக இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, உட்புறம் திருப்பக் கூடாது என்று கட்டுப்பாடுகள் விதிப்பது வழக்கம். அவரிடம் போய்க் குனிந்து சாக்ஸ் போடச் சொன்னால் மூன்றில் முதல் விதியே போய்விடும். சாக்ஸ் மாட்டும் கருவியும் நீளக் கைப்பிடிக் கருவிகளும் இருப்பதே இதற்காகத்தான்.

உதவியாளரின் எல்லையும் அடிக்கடி மறந்துபோகிறது. மதிப்பீட்டுக்குத் தகவல் திரட்டித் தரலாம். அதை வைத்து முடிவெடுத்துத் திட்டம் வகுப்பவர் தெரபிஸ்ட். பயிற்சி சுலபமாகிவிட்டது என்று தோன்றினால் அவரிடம் சொல்லுங்கள். இலக்கை நீங்களே மாற்றாதீர்கள். "கை எப்போது பழையபடி ஆகும்?" என்று குடும்பத்தினர் கேட்கும்போது ஆறுதலுக்காக ஒரு மாதக் கணக்கு சொல்லிவிடுவது இதைவிட மோசம். நோயாளியின் பெயரே இல்லாமல் இருந்தாலும், அவர் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடுவதைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, மேற்பார்வையாளர் திட்டிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பது. அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கு இரண்டாம் நிலைக் களப்பயிற்சி (பெரும்பாலும் பார்த்துப் பழகும் முதல் நிலைக்கு அடுத்தது) குறைந்தது 16 வாரம், முழுநேரமாக. கேட்க நீண்டதாக இருந்தாலும், இடைக்கால மதிப்பெண் வரும்வரை காத்திருந்தால் அந்தப் பயிற்சி இடத்தில் திருத்திக்கொள்ள மீதி இருப்பது பாதிதான். "நான் எப்படிச் செய்கிறேன்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "இன்று சட்டை போடும் பயிற்சியில் எந்த இடத்தில் நான் சீக்கிரம் கைகொடுத்தேன்?" என்று கேட்டுப் பாருங்கள்.