"சும்மா சளிதான்" என்று விட்டுவிடாதீர்கள்: எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருக்கும் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீமோதெரபி எடுப்பவர், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர், நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர். இப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் "சும்மா சளிதான், ரெண்டு நாளில் போய்விடும்" என்ற பேச்சே பெரிய தவறு. நமக்கு மூக்கொழுகலோடு முடிந்துபோகும் ஆர்எஸ்வி, ரைனோ போன்ற சளி வைரஸ்கள்கூட அவர்களை நிமோனியாவில் தள்ளிவிடலாம்.

இருமல் நன்றாகத் தெரிந்த பிறகுதான் பலர் விலகி இருக்கிறார்கள். ஃப்ளூ வந்தவரிடமிருந்து அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வைரஸ் பரவத் தொடங்கிவிடும். அதனால் தொண்டை லேசாகக் கரகரத்தாலே மாஸ்க் போட்டுக்கொண்டு வேறு அறையில் படுங்கள். கொரோனா ரேபிட் டெஸ்ட் ஒருமுறை நெகட்டிவ் வந்ததை நம்பி நோயாளி பக்கத்தில் போய் உட்காராதீர்கள். 48 மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்து பாருங்கள்.

அதிகம் கவனிக்கப்படாதது காற்று. கதவுப் பிடியை நாள் முழுக்கத் துடைப்பார்கள், ஜன்னல் மட்டும் மூடியே இருக்கும். கை கழுவுவது அவசியம்தான், ஆர்எஸ்வி கை வழியாகவும் ஒட்டும். ஆனால் மூச்சிலும் பேச்சிலும் வெளியேறும் நுண்துளிகள் மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றிவிடுகிறது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சளி உள்ளவரே நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், துணி மாஸ்க் போதாது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 போடுங்கள்.

அப்புறம் தடுப்பூசி. நோயாளிக்குப் போட்டாயிற்று, போதும் என்று நினைக்கிறார்கள். அவர் உடல் அதற்குச் சரியாகப் பதில் தராமல் போகலாம், அதனால்தான் கூட இருப்பவர்கள் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட வேண்டும். பலன் கிடைக்க சுமார் 2 வாரம் ஆகும். குழந்தைக்கு மூக்கில் விடும் ஃப்ளூ தடுப்பு மருந்து என்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள், அதில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ்.

நோயாளிக்கே தொற்றிவிட்டால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள். ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்காமல், நடுராத்திரி ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.